மூன்றைத் தாண்டும் குழந்தை: எண்ணறிவும் நினைவும் வளரும் விதம்

பத்து மாதக் குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி, உள்ளே இருப்பது வெளியில் தெரியாத இரண்டு டப்பாக்கள். ஆய்வாளர் ஒரு டப்பாவில் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் போடுகிறார்: ஒன்று, இன்னொன்று. அடுத்த டப்பாவில் அதேபோல மூன்று. பிறகு குழந்தையைத் தவழ விடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் மூன்று பிஸ்கட் விழுந்த டப்பாவுக்கே நேராகப் போகின்றன. பேச்சு வராத, விரல் விட்டு எண்ணத் தெரியாத வயதில் இது சாமர்த்தியம்தான்.

இப்போது ஒன்றில் இரண்டு, மற்றதில் நான்கு போடுகிறார்கள். வித்தியாசம் முன்பைவிடப் பெரியது, ஆகவே தேர்வு இன்னும் சுலபமாக இருக்க வேண்டும். நடப்பதோ வேறு. சில குழந்தைகள் இந்தப் பக்கம் போகின்றன, சில அந்தப் பக்கம். பூவா தலையா போட்டதுபோல முடிவு வருகிறது. மூன்றுக்கு ஆறு வைத்தாலும் இதே நிலைதான். லிசா ஃபைகன்சனும் சூசன் கேரியும் சகாக்களோடு 2002-இல் வெளியிட்ட ஆய்வு இது. மூன்றாண்டு கழித்து அவர்கள் இருவரும் ஒன்றுக்கு நான்கு வைத்துப் பார்த்தார்கள். அதிலும் குழந்தைகள் தேறவில்லை.

நான்கு பிஸ்கட் ஒரு பிஸ்கட்டைவிட அதிகம் என்பதுகூடவா தெரியாது? கண்ணெதிரே தட்டில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். இங்கே பிஸ்கட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்துவிடுகின்றன. மறைந்ததை மனதில் நிறுத்திவைத்தால்தான் ஒப்பிட முடியும். நான்கைத் தனித்தனியே நிறுத்திவைக்க அந்த வயது நினைவில் இடமில்லை. குழந்தைக்கு எண் என்பது கணக்காவதற்கு வெகு முன்பே நினைவின் சிக்கலாக இருக்கிறது. எண்ணறிவையும் நினைவாற்றலையும் இரண்டு தனிப் பாடங்களாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால் அந்தப் பிரிவினை நிற்காது என்பது என் எண்ணம்.

தோராயமாக அறியும் புலன்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்கே எட்டுக்கும் பதினாறுக்கும் வித்தியாசம் தெரியும் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. 2000-இல் ஃபெய் சூ, எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் இதைச் சோதித்த முறை எளிமையானது. திரையில் எட்டுப் புள்ளிகள் வரும். மறுபடி எட்டு, மறுபடி எட்டு. புள்ளியின் அளவும் இடமும் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை சலித்துப்போய்ப் பார்வையைத் திருப்பும். அந்த நேரத்தில் பதினாறு புள்ளிகளைக் காட்டினால் மீண்டும் உன்னிப்பாகப் பார்க்கிறது. பன்னிரண்டைக் காட்டினால் அந்த ஆர்வம் இல்லை. ஒன்பது மாத வாக்கில், ஒலிகளை வைத்து நடத்திய சோதனையில், எட்டுக்கும் பன்னிரண்டுக்குமான வித்தியாசமும் பிடிபட்டுவிடுகிறது.

அதாவது இங்கே கணக்கில் வருவது விகிதம். ஆறு மாதத்தில் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் வித்தியாசம் வேண்டும். பதினாறும் முப்பத்திரண்டும் வேறாகத் தெரியும், பதினாறும் இருபத்துநான்கும் தெரியாது. வயது ஏற ஏற இந்தப் பார்வை கூர்மையாகிறது. பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களிடமே இதன் தொடக்கம் இருக்கிறது: நான்கு அசைகளோ பன்னிரண்டு அசைகளோ காதில் ஒலித்துக்கொண்டிருக்க, அதே எண்ணிக்கையில் உருவங்கள் திரையில் வந்தபோது சிசுக்கள் அவற்றை அதிக நேரம் பார்த்ததாக 2009-இல் வெரோனிக் இசார் குழு காட்டியது. காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் இணைக்க எண்ணிக்கை தவிர வேறு பாலம் அங்கே இல்லை. குரங்கு, கோழிக்குஞ்சு, மீன் என்று பல உயிர்களுக்கும் இந்தத் தோராய அறிவு உண்டு.

இந்தப் புலன் 'ஏறக்குறைய இவ்வளவு' என்று சொல்லும். 'சரியாக இத்தனை' என்று ஒருபோதும் சொல்லாது. பொருள்கள் மொத்தமாகக் கண்ணுக்குமுன் பரவிக் கிடக்கும்போது அது நன்றாக வேலை செய்கிறது. சில பொருள்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து மறையும்போது குழந்தை வேறொரு வழியைப் பிடிக்கிறது. 'இது ஒன்று, அது ஒன்று, அதோ அது ஒன்று' என ஒவ்வொரு பொருளுக்கும் மனதில் ஓர் இடம் ஒதுக்குகிறது. அந்த வழியில் கணக்கு துல்லியமாக இருக்கும், ஆனால் மூன்றோடு சரி. நான்காவது வந்தால் 'நிறைய' என்றாவது மிஞ்ச வேண்டாமா? மிஞ்சுவதில்லை. அதுவே பிஸ்கட் டப்பா தந்த அதிர்ச்சி.

'ஐந்து மாதக் குழந்தைக்குக் கூட்டல் தெரியும்' என்ற தலைப்புச் செய்தியையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1992-இல் கேரன் வின் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது அது. சிறு மேடையில் ஒரு பொம்மை. திரை எழும்பி அதை மறைக்கிறது. ஒரு கை இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்கையாகத் திரும்புகிறது. திரை இறங்கும்போது இரண்டு பொம்மை இருந்தால் குழந்தை சாதாரணமாகப் பார்க்கிறது. ஒன்றே ஒன்று இருந்தால் வெகுநேரம் பார்க்கிறது. சோதனை அழகானது. ஆனால் இதைக் கூட்டல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. மறைந்திருக்கும் இரண்டு பொம்மைகளையும் நினைவில் வைத்திருக்கும் குழந்தைக்கு ஒன்று காணாமல் போனதே வியப்பாக இருக்கும். அதற்குக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகள் எண்ணிக்கையைக் கவனிக்கிறார்களா, கண்ணில் படும் மொத்தப் பரப்பையும் விளிம்பு நீளத்தையும் கவனிக்கிறார்களா என்ற சர்ச்சையும் 1990-களின் இறுதியிலிருந்து உண்டு. வின்னுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. 2004-இல் கோலீன் மெக்ரிங்க் உடன் அவர் செய்த ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் ஐந்தோடு ஐந்து சேர்ந்தால் ஐந்தே மிஞ்சுவதைக் கண்டு அதிக நேரம் பார்த்தன. ஐந்தைத் தனித்தனியாக நினைவில் வைக்க அவற்றால் முடியாது; ஆகவே அங்கே தோராயப் புலனே ஏதோ ஒரு கூட்டலைச் செய்திருக்க வேண்டும்.

இரண்டிரண்டாகக் கட்டினால்

மூன்று என்ற அந்த வரம்பு எண்ணுக்கு உரியதா, நினைவுக்கு உரியதா என்பதை உறுதியாகச் சொல்லும் சோதனை பதினான்கு மாதக் குழந்தைகளிடம் நடந்தது. கை மட்டும் நுழையும் ஒரு பெட்டி. அதன் வாயை இழுபடும் துணி மூடியிருப்பதால் உள்ளே தெரியாது. குழந்தை பார்க்க மூன்று பந்துகளை உள்ளே போடுகிறார்கள். அது கையை விட்டு இரண்டை எடுக்கிறது. மூன்றாவதை ஆய்வாளர் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்கிறார். குழந்தை விடாமல் துழாவுகிறது. இன்னொன்று உண்டு என்று அதற்குத் தெரியும். நான்கு போட்டு இரண்டை எடுக்க விட்டாலோ, கையை உள்ளே விட்டுத் தேடும் அக்கறையே இல்லை. இன்னும் இரண்டு உள்ளே இருக்கிறதே!

ஃபைகன்சனும் ஜஸ்டின் ஹல்பெர்டாவும் இதில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். நான்கையும் இரண்டிரண்டாகப் பிரித்து வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போட்டார்கள். இன்னொரு முறை இரண்டு பூனை பொம்மை, இரண்டு கார் பொம்மை எனப் போட்டார்கள். குழந்தைகள் நான்கையும் நினைவில் வைத்துத் துழாவின. பொருள்களின் தோற்றத்தில் வேறுபாடு இல்லாதபோதும், இரண்டுக்கு ஒரு பெயரும் மற்ற இரண்டுக்கு இன்னொரு பெயரும் சொல்லிக் காட்டினால் பலன் கிடைத்தது. 2004-இலும் 2008-இலும் வந்த இந்த முடிவுகளின் பொருள் என்ன? நினைவின் அறைகள் கூடவில்லை. ஓர் அறையில் ஒரு பொருளுக்குப் பதில் ஒரு கட்டு போய் உட்கார்ந்துகொண்டது. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைப் பெரியவர்கள் மூன்று நான்காகப் பிரித்துச் சொல்வது இதே வேலை. அதைப் பதினான்கு மாதத்திலேயே, யாரும் கற்றுத்தராமல் செய்கிறார்கள்.

ஒப்பிப்பதும் எண்ணுவதும்

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று சொல்லிவிடும். வீடே மகிழும். இப்போது அதன் முன்னால் ஒரு குவியல் பொம்மைகளை வைத்து, 'எனக்கு மூன்று கொடு' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கை அள்ளித் தரும். ஐந்து இருக்கலாம், ஏழு இருக்கலாம். 'இது மூன்றா? எண்ணிப் பார்' என்றால், ஒவ்வொன்றாகத் தொட்டு 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து' என்று சரியாகவே எண்ணும். 'அப்படியானால் எத்தனை?' என்று கேட்டால் ஐந்து என்று சொல்லாது. மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் விடை என்பது அதற்கு இன்னும் எட்டவில்லை. ஒன்று முதல் பத்து என்பது அதுவரை ஒரு பாட்டு.

இந்த 'இத்தனை கொடு' சோதனையைக் கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் பயன்படுத்தியபோது வியப்பான ஒழுங்கு தெரிந்தது. குழந்தைகள் முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை மட்டும் அறிகிறார்கள். ஒன்று கேட்டால் சரியாகத் தருவார்கள், வேறெது கேட்டாலும் ஒரு கை அள்ளல்தான். பல மாதம் கழித்து 'இரண்டு' சேர்கிறது. மேலும் சில மாதம் கழித்து 'மூன்று', சிலருக்கு 'நான்கு'. அதன்பின், பெரும்பாலும் மூன்றரை நான்கு வயது வாக்கில், சட்டென்று எல்லாமே திறந்துகொள்கிறது. ஐந்து, ஆறு, எட்டு எது கேட்டாலும் எண்ணி எடுத்துத் தருகிறார்கள். ஐந்தைத் தனியாக, ஆறைத் தனியாக யாரும் மாதக்கணக்கில் கற்பதில்லை.

கைக்குழந்தையின் நினைவு நின்றுபோன அதே மூன்று நான்கில்தான் இந்தத் தனித்தனிப் படிகளும் முடிகின்றன. இதைத் தற்செயல் என்று சூசன் கேரி கருதவில்லை. மூன்று வரை ஒவ்வொரு சொல்லையும் நினைவில் நிற்கும் பொருள்களோடு ஒட்டிப் பழகும் குழந்தை, வரிசையில் ஒரு சொல் தள்ளிப் போவதும் குவியலில் ஒரு பொருள் கூடுவதும் ஒன்றே என்று ஒருநாள் கண்டுகொள்கிறது என்பது அவர் வாதம். எண்ணுவதன் விதிகள் பிறவியிலேயே இருக்கின்றன, சொற்கள் அவற்றில் வந்து பொருந்துகின்றன என்பது ரோச்சல் கெல்மனின் எதிர்வாதம். 1978 முதல் நடக்கும் இந்த விவாதத்தில் எனக்குக் கேரியின் பக்கம் சாய்வு உண்டு.

அந்தச் சாய்வுக்குக் காரணம் பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் பிரஹா மக்கள். அவர்கள் மொழியில் துல்லியமான எண்களுக்குச் சொல்லே இல்லை. மைக்கேல் ஃபிராங்க் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையாக வைத்த பொருள்களுக்கு எதிரே அதே எண்ணிக்கையில் வேறு பொருள்களை அடுக்கச் சொன்னபோது அவர்கள் சரியாகச் செய்தார்கள். பொருள்களை மறைத்துவிட்டுக் கேட்டபோதோ, ஒரு டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக் கேட்டபோதோ விடை தோராயமாகிவிட்டது. சமமான அளவு எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. அதை மனதில் தூக்கிக்கொண்டு போகச் சொல் இல்லை. எண்ணுப்பெயர் என்பது நினைவுக்காக மனிதர் உண்டாக்கிய கருவி என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கருவி வீட்டுப் பேச்சிலிருந்து வருகிறது. சூசன் லெவைன் குழு 44 குடும்பங்களில், குழந்தைக்குப் 14 மாதம் ஆனது முதல் 30 மாதம் வரை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரமாக ஐந்து முறை பதிவு செய்தது. அந்த ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் பெற்றோர் சொன்ன எண்ணுப்பெயர்கள் வெறும் 4. இன்னொரு வீட்டில் 257. அதிகம் கேட்ட குழந்தைகள் நான்கு வயதை நெருங்கும்போது எண்ணின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். 2011-இல் வந்த தொடர் ஆய்வு ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. சும்மா ஒப்பித்த எண்களைவிட, கண்ணெதிரே இருந்த பொருள்களைச் சுட்டி, அதிலும் நான்கு முதல் பத்து வரையான கூட்டங்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கே பலன் அதிகம். ஒன்று, இரண்டு, மூன்றைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். அதற்கு மேல்தான் எண்ணுவதற்கே தேவை வருகிறது. நூறு வரை ஒப்பிக்கவைப்பதில் பெற்றோர் காட்டும் உற்சாகத்தில் கால்பங்கை, மேசையில் இருக்கும் ஏழு பென்சில்களுக்குச் செலவழிக்கலாம்.

நான்கு வயதில் எண்ணத் தெரிந்தாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சம எண்ணிக்கையில் இரு வரிசை வைத்து, ஒன்றை மட்டும் அகலப்படுத்தினால் 'இதில்தான் அதிகம்' என்று சொல்லும் குழந்தைகளைப் பற்றி சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே எழுதியது பிரபலம். அவர் காட்டிய தவறு உண்மைதான், ஆனால் அதில் கேள்வி கேட்கும் விதத்துக்கும் பங்கு உண்டு. 1974-இல் மெக்காரிகல், டொனால்ட்சன் இருவரும் ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டதாக நடித்தபோது, பல குழந்தைகள் சரியாகவே பதில் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே கலைத்துவிட்டுக் கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று குழந்தை நினைப்பது நியாயம்தானே.

மறக்காதது, மறந்தது

கைக்குழந்தைக்கு நினைவே நிற்காது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். கரோலின் ரோவி-கோலியர் அதை மாற்றினார். தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மைக் கொத்தையும் குழந்தையின் காலையும் ஒரு ரிப்பனால் இணைத்தார். காலை உதைத்தால் பொம்மைகள் ஆடும். சில நிமிடத்தில் குழந்தை அதைக் கற்றுக்கொண்டு உதைத்துத் தள்ளுகிறது. மூன்று மாதக் குழந்தைக்கு இது ஒரு வாரம் போல நினைவிருந்தது. ஆறு மாதத்தில் இரண்டு வாரம். மறந்துபோன பிறகும், சோதனைக்கு முந்தைய நாள் பொம்மைகள் ஆடுவதைச் சற்று நேரம் காட்டினால் போதும், மூன்று மாதக் குழந்தையிடம் இரண்டு வாரத்துக்கு முந்தைய நினைவு திரும்பி வந்தது. தொட்டிலைச் சுற்றிய துணியின் கோலத்தை மாற்றினால் நினைவு தடைப்பட்டது.

அப்படியென்றால் நம்முடைய முதல் மூன்று ஆண்டுகள் எங்கே? பெரியவர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. பதிவே ஆகவில்லை என்ற விளக்கம் இனி நிற்காது. 2025-இல் டிரிஸ்டன் யேட்ஸ், நிக் டர்க்-பிரவுன் குழு, விழித்திருக்கும் கைக்குழந்தைகளை மூளை ஸ்கேன் எடுத்து, ஒரு படத்தைப் பார்க்கும்போது நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் எவ்வளவு தீவிரமாக இயங்கியதோ அவ்வளவுக்குப் பின்னர் அந்தப் படம் நினைவில் இருந்ததைக் காட்டியது. ஒரு வயதைத் தாண்டியவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பதிவாகிறது, பின்னால் எடுக்க முடிவதில்லை. எலிகளில் நடந்த ஆய்வுகள் ஒரு காரணத்தைச் சொல்கின்றன: சிறுவயதில் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் வேகமாக உருவாகிப் பழைய இணைப்புகளைக் கலைத்துவிடுகின்றன.

இன்னொரு காரணம் சொல். கேப்ரியல் சிம்காக், ஹார்லின் ஹேன் இருவரும் இரண்டே கால் முதல் மூன்றே கால் வயதுக் குழந்தைகளுக்கு ஒரு 'மாய இயந்திரம்' காட்டினார்கள். பெரிய பொம்மையை உள்ளே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அதே பொம்மை குட்டியாக வெளியே வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கேட்டபோது, குழந்தைகள் படத்தை அடையாளம் காட்டினார்கள், எப்படி இயக்குவது என்று செய்தும் காட்டினார்கள். வாயால் சொல்லும்போது மட்டும், அந்த விளையாட்டு நடந்த நாளில் அவர்களுக்குத் தெரிந்திருந்த சொற்களைத் தாண்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் கற்ற சொற்கள் அந்தப் பழைய நினைவில் போய் ஒட்டவே இல்லை. நடந்ததைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டு விரித்துப் பேசும் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தன்வாழ்வு நினைவுகள் செறிவாக இருப்பதை எலைன் ரீஸ், ராபின் ஃபிவுஷ் ஆகியோர் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார்கள்.

விரலிலிருந்து மனதுக்கு

பள்ளி வயதில் நினைவு வளர்வதாகச் சொல்கிறோம். கொள்ளளவு கூடுவது ஒரு பங்குதான். வழிமுறை மாறுவது இன்னொரு பங்கு. 1966-இல் ஜான் ஃபிளேவல் குழு, படங்களை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டுக் குழந்தைகளின் உதடுகளைக் கவனித்தது. ஐந்து வயதில் பத்தில் ஒருவர்தான் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டார். பத்து வயதில் பெரும்பாலானோர் செய்தார்கள். பழக்கமும் ஒரு பங்கு. மிச்சலின் சி 1978-இல் காட்டியபடி, சதுரங்கம் நன்கு ஆடும் பத்து வயதுப் பிள்ளைகள் பலகையில் காய்கள் இருந்த இடங்களைப் பெரியவர்களைவிட நன்றாக நினைவில் வைத்தார்கள். வெறும் இலக்கங்களைக் கொடுத்தபோது பெரியவர்களே முந்தினார்கள்.

கூட்டல் கற்பதும் இதே பாதைதான். 5+3 என்றால் முதலில் ஐந்து விரல், மூன்று விரல், பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். பிறகு ஐந்தை மனதில் வைத்து, 'ஆறு, ஏழு, எட்டு' என்று தொடர்வார்கள். பிறகு 'எட்டு' தானாக வரும். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஓராண்டு இடைவெளியில் இருமுறை ஸ்கேன் செய்த வினோத் மேனன் குழு, எண்ணுவது குறைந்து விடை நினைவிலிருந்து வருவது கூடியபோது ஹிப்போகாம்பஸின் இயக்கமும் கூடியதை 2014-இல் கண்டது. பெரியவர்களிடம் அந்தக் கூடுதல் இயக்கம் இல்லை. அவர்களுக்கு விடை அதற்குள் மூளையின் வெளி அடுக்கான புறணியில் நிலைபெற்றுவிட்டது.

'விரலை விடாதே, மனதில் சொல்' என்று ஆறு வயதுப் பிள்ளையை அதட்டுவதன் சிக்கல் இங்கேதான். ராபர்ட் சீக்லரின் ஆய்வுகளின்படி, ஒரு கணக்குக்குக் குழந்தை ஒவ்வொரு முறை சொல்லும் விடையும் அந்தக் கணக்கோடு சேர்ந்து நினைவில் பதிகிறது. விரல் விட்டுச் சொன்ன எட்டும் பதியும். விரலை மடக்கச் சொன்னதால் ஊகித்துச் சொன்ன ஏழும் பதியும்.